சீன நாட்காட்டியின் ‘பேய்’ நாளும் நம் பூசமும்

கேள்வி: என் மகன் பூச நட்சத்திரம், கடக ராசி. ஈப்போவில் தன்னோடு வேலை பார்க்கும் சீனப் பெண்ணை விரும்பினான். இரண்டு வீட்டிலும் சம்மதித்துவிட்டோம். எங்கள் ஜோதிடர் ஒரு வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம் குறித்துக் கொடுத்தார். பெண்ணின் பாட்டியோ சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, “அன்றைக்குப் பேய் நட்சத்திரம், கல்யாணம் செய்தால் ஜோடி நிலைக்காது” என்று தடுக்கிறார். இது போதாதென்று, இணையத்தில் தேடிப் பார்த்த என் தங்கை மகள், சீனர்கள் பேய் என்று சொல்வது நம் பூசத்தைத்தான் என்கிறாள். அப்படியானால் என் மகன் பிறந்ததே பேய் நட்சத்திரத்திலா? அவன் நட்சத்திரத்தைச் சம்பந்தி வீட்டில் சொல்லலாமா? தேதியை மாற்ற வேண்டுமா?

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். இந்த ஊரில் முகூர்த்தம் குறித்துக் கொடுக்கும் வேலையில் முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். கலப்புத் திருமணங்கள் பெருகியதிலிருந்து நம் பஞ்சாங்கத்தோடு சீன நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நாள் பார்க்கிறேன். அதனால் உங்கள் கடிதம் எனக்குப் புதிதல்ல. ஆனால் ‘மகன் பிறந்ததே பேய் நட்சத்திரத்திலா’ என்று நீங்கள் கேட்ட இடத்தில் ஒரு தாயின் தூக்கம் கெட்டிருப்பது தெரிகிறது. அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

உங்கள் தங்கை மகள் சொன்னது சரி. சீனர்களின் 28 நட்சத்திரக் கூட்டங்களில் 23ஆவது கூட்டத்துக்குப் பெயர் ‘குவெய்’. ஈப்போ பாட்டி கண்டனீஸ் என்ற சீன வழக்கில் ‘குவாய்’ என்று சொல்லியிருப்பார். பேய், ஆவி என்று அர்த்தம். கடக ராசியில் மங்கலான நான்கு நட்சத்திரங்கள் சேர்ந்து ஒரு கோணல் சதுரம்போல நிற்கும். அந்தச் சதுரம்தான் குவெய். அந்த நான்கில் ஒன்றைத்தான் நாம் பூசத்தின் முக்கிய நட்சத்திரமாகக் கொள்கிறோம். வானத்தில் இரண்டும் ஒரே இடம். இதில் மழுப்ப எதுவும் இல்லை.

ஆனால் பாட்டி பார்த்தது வானத்தில் இருக்கும் பேயை அல்ல, காகிதத்தில் இருக்கும் பேயை. உங்கள் குழப்பம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

நம் பஞ்சாங்கத்தில் ‘இன்று பூசம்’ என்று போட்டிருந்தால் சந்திரன் அந்தப் பகுதியில் இருக்கிறது என்று பொருள். மணி, நிமிடம் வரை கணக்குப் போட்டு எழுதுகிறோம். சீன நாட்காட்டியில் நாளுக்கு ஒரு நட்சத்திரம் என்று 28 பெயர்களும் கிழமைகளைப்போல வரிசையாகச் சுற்றி வருகின்றன. சந்திரன் அன்றைக்கு எங்கே நிற்கிறது என்று அந்த வரிசை பார்ப்பதே இல்லை. 28ஐ ஏழால் வகுத்தால் மிச்சம் இல்லை அல்லவா? அதனால் ஒவ்வொரு பெயரும் எப்போதும் ஒரே கிழமையில்தான் வந்து விழும். குவெய் நாள் என்றால் அது வெள்ளிக்கிழமைதான். நான்கு வாரத்துக்கு ஒரு வெள்ளி, வருடத்துக்கு 13 தடவை. உங்கள் ஜோதிடர் குறித்த வெள்ளி அந்தப் பதின்மூன்றில் ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். அன்று நம் கணக்குப்படி வேறு நட்சத்திரம்தான் நடந்துகொண்டிருக்கும். பூசத்தில் முகூர்த்தம் வைக்க உங்கள் ஜோதிடர் துணிந்திருக்க மாட்டார். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு கோணத்தில் பாருங்கள். 2024இல் தைப்பூசம் ஜனவரி 25, வியாழக்கிழமை. 2025இல் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. இரண்டு இரவும் முழுநிலா பூசத்தை ஒட்டித்தான் நின்றது. அதாவது சீனர்களின் பேய்ச் சதுரத்தை ஒட்டி. ஆனால் அந்த இரண்டு நாளும் சீன நாட்காட்டியில் குவெய் இல்லை, இருக்கவும் முடியாது. பினாங்கில் அந்தத் திருவிழாவில் சீனர்கள் மலைமலையாகத் தேங்காய் உடைத்தார்கள். மேலே நிலா எந்தக் கூட்டத்தில் நிற்கிறது என்று யாரும் அண்ணாந்து பார்த்துக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

குவெய்க்கு ஏன் வெள்ளி என்பதிலும் ஒரு சுவாரசியம் உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கோள், ஒரு விலங்கு என்று இணைத்திருக்கிறார்கள். குவெய்க்கு விலங்கு ஆடு, கோள் சுக்கிரன். சுக்கிரனைச் சீனர்கள் உலோகக் கோள் என்கிறார்கள். நாமும் அந்தக் கோளையும் கிழமையையும் ஓர் உலோகத்தின் பெயரால்தானே கூப்பிடுகிறோம், வெள்ளி என்று!

இனி, பேய் என்ற சொல். இந்த மொழிபெயர்ப்பில்தான் எனக்கு மனத்தாங்கல். நமக்குப் பேய் என்றால் புளியமரம், வேப்பிலை, உடுக்கைச் சத்தம். குவெய் என்பதற்குப் பழைய சீனத்தில் இறந்துபோனவரின் ஆவி என்றே பொருள். சொந்த வீட்டு மூதாதையரும் அதில் அடக்கம். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய சீன அரசவை வரலாறு இந்தக் கூட்டத்தை ‘ஆவிகளுக்குச் செய்யும் வழிபாட்டுக்கு உரியது’ என்கிறது. நாமாக இருந்தால் நீத்தார் கடன் என்று சொல்லியிருப்போம். 28 கூட்டங்களையும் நான்கு திசைக்கு ஏழேழாகப் பிரித்தபோது குவெய் தெற்கில், சிவப்புப் பறவையின் பங்கில் வந்தது. தெற்கு என்றதும் உங்களுக்குத் தென்புலத்தார் ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது. தற்செயல்தான், இதிலிருந்து எதையும் நிரூபிக்கப் போவதில்லை. ஆனால் ‘பேய் நட்சத்திரம்’ என்பதைவிட ‘தென்புலத்தார் நட்சத்திரம்’ என்று மனதுக்குள் மாற்றி வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

மிச்சம் பாதி பயம் அந்தச் சதுரத்தின் நடுவில் இருக்கிறது. மார்ச் மாதம் வானம் தெளிந்த ஓர் இரவு, நிலா இல்லாத சமயமாகப் பார்த்து, ஒன்பது மணிவாக்கில் நகர வெளிச்சத்தை விட்டுத் தள்ளிப் போய் நில்லுங்கள். புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்கும் மகத்தின் பிரகாசமான நட்சத்திரத்துக்கும் இடையில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே பாருங்கள். சாம்பிராணிப் புகை ஒரு கொத்து நின்றுவிட்டதுபோல ஒரு வெண்மை தெரியும். நேராக முறைத்துப் பார்த்தால் நழுவும், கண்ணைச் சற்று விலக்கினால் வரும். சாதாரண பைனாகுலர் போதும், புகை உடைந்து நட்சத்திரங்களாகச் சிதறிவிடும். கலிலியோ தன் தொலைநோக்கியால் பார்த்துவிட்டு, இது ஒற்றை நட்சத்திரம் அல்ல, நாற்பதுக்கும் மேற்பட்டவற்றின் கூட்டம் என்று 1610இல் எழுதினார். அந்தக் காலச் சீனருக்குத் தொலைநோக்கி ஏது? புகை புகையாகவே தெரிந்தது. ‘குவித்த பிணங்கள்’ என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து எழும் மூச்சு என்றும் சொன்னார்கள்.

சகுனங்களும் அப்படியே வளர்ந்தன. தாங் அரசவை கி.பி. 648இல் தொகுத்து முடித்த ஜின் வம்ச வரலாற்றில் வானியல் பகுதியை லி சுன்ஃபெங் என்பவர் எழுதினார். அதில் குவெய் ‘வானத்தின் கண்’. சூழ்ச்சிகளைக் கண்டுபிடிக்கும் பார்வை அதற்கு உண்டு. சதுரத்தின் நான்கு மூலைக்கும் நான்கு கிடங்கு. வடகிழக்கில் குதிரை, தென்கிழக்கில் ஆயுதம், தென்மேற்கில் துணி, வடமேற்கில் பொன்னும் மணியும். எந்த மூலை மாறுகிறதோ அந்தக் கிடங்குக்குப் பலன். சுற்றியுள்ள நட்சத்திரங்கள் பளிச்சென்று இருந்தால் விளைச்சல் நன்றாக இருக்கும், மங்கினால் மக்கள் சிதறிப்போவார்கள். நடுவில் இருக்கும் வெண்மைக்கு மட்டும் தலைகீழ்க் கணக்கு: அது மங்கித் தெரிந்தால் நாடு அமைதி, பளிச்சிட்டால் படை கிளம்பும், பெரிய மந்திரியின் தலை போகும்.

இதே வெண்மையைப் பழைய கிரேக்கர்கள் கழுதைகள் தின்னும் தீவனத் தொட்டி என்றார்கள். அவர்களுக்கு அது திடீரென்று மங்கினால்தான் கெட்ட சகுனம், புயல் வரும் என்று பயந்தார்கள். ஒரே புகை, ஒரு தேசத்தில் மங்கினால் நல்லது, இன்னொரு தேசத்தில் மங்கினால் கெட்டது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, இந்தச் சகுனங்கள் எல்லாம் அரசனுக்கும் நாட்டுக்கும். வானத்தையும் நிலத்தையும் பங்கு போட்டபோது குவெய்யை மேற்கே இருந்த சின் நாட்டுக்குக் கொடுத்தார்கள். அங்கே படை கிளம்புமா, மந்திரி தலை தப்புமா என்பதுதான் கேள்வி. ஒரு தனி மனிதன் பிறந்த நட்சத்திரத்துக்கு இந்த நூல் பலன் சொல்லவில்லை. உங்கள் மகனுக்கும் அந்தப் பிணக் குவியலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அப்புறம் பாட்டி சொன்ன ‘ஜோடி நிலைக்காது’ எங்கிருந்து வந்தது? அது வீட்டுப் பஞ்சாங்கத்தில் இருந்து. கண்டனீஸில் அதைத் ‘துங் ஷிங்’ என்பார்கள். பழைய பெயர் வேறு. அதில் புத்தகம் என்ற சொல்லும் தோல்வி என்ற சொல்லும் ஒரே மாதிரி ஒலிக்கும். புது வருடத்தில் தோல்வியை வீட்டுக்கு வாங்கி வருவானேன் என்று வெற்றி என்ற பொருள் வரும்படி பெயரை மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பஞ்சாங்கத்தில் 28 நட்சத்திரத்துக்கும் எட்டு எட்டு அடியில் ஒரு பாட்டு உண்டு, நம் ஊர் பல்லி விழும் பலன்போலப் பலருக்கு மனப்பாடம். குவெய் நாளில் வீடு கட்டத் தொடங்கினால் வீட்டுத் தலைவர் கூடத்தில் இருக்க மாட்டார். வாசல் திறந்தால், நீர் வெட்டிவிட்டால் உயிர்ச்சேதம். மணம் முடித்தால் கணவன் மனைவி நெடுநாள் சேர்ந்திருக்க மாட்டார்கள் என்று போகிறது பாட்டு. அதே பாட்டில், அடக்கம் செய்ய மட்டும் இது அருமையான நாள், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாக அரசனுக்குப் பக்கத்தில் இருப்பார்கள் என்று வருகிறது. தென்புலத்தார் நட்சத்திரம் அல்லவா, தன் வேலையை மட்டும் அது நன்றாகவே செய்கிறது. பாட்டி கதை கட்டவில்லை அம்மா. அவர் படித்த வரி அச்சில் இருக்கிறது.

இனி நான் இந்த விஷயத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் சொல்லாமல் விடாத ஒன்று. எட்டாம் நூற்றாண்டில் வச்சிரபோதி என்ற பௌத்தத் துறவி காஞ்சிபுரத்தில் தங்கியிருந்து, பின் இலங்கை வழியாகக் கடலேறிச் சீனம் போனார். அவருடைய மாணவர் அமோகவஜ்ரர். அவர் கி.பி. 759இல் இந்திய நட்சத்திர சாஸ்திரத்தைச் சீன மொழியில் கொடுத்தார். நம் நட்சத்திரங்களுக்குச் சீனப் பெயர் வேண்டுமே! வானத்தில் எது எதற்கு நேராக இருக்கிறதோ அந்தப் பெயரைப் போட்டார்கள். பூசத்துக்குக் குவெய் என்று பெயர் விழுந்தது. பெயர்தான் பேய், பலன் முழுக்கப் பூசம். அதிதேவதை குரு, நல்ல காரியங்களுக்கு உகந்தது.

அந்த நூலைக் கூக்காய் என்ற துறவி 806இல் ஜப்பானுக்குக் கொண்டுபோனார். இன்றைக்கும் ஜப்பான் நாட்காட்டிகளில் குவெய் நாள்தான் வருடத்தின் மிக நல்ல நாட்களில் ஒன்று. கடை திறக்க, பயணம் போக, புதுப் பணப்பை வாங்க அந்த வெள்ளியைக் காத்திருந்து பிடிப்பார்கள். பேய் என்று பெயர் வைத்துவிட்டு நல்ல நாள் என்றால் பொருந்த வேண்டாமா? அதற்கும் அங்கே ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள்: அன்றைக்குப் பேய் தன் வீட்டிலேயே தங்கிவிடும், வெளியே உலாவாது, அதனால் நமக்குத் தொந்தரவு இல்லை. எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது.

ஆனால் ஜப்பானிலும் அந்த நாளில் கல்யாணம் மட்டும் செய்ய மாட்டார்கள். வட இந்திய முகூர்த்த நூல்களைத் திறந்தாலும் புஷ்யம் எல்லாக் காரியத்துக்கும் உத்தமம், விவாகத்துக்கு மட்டும் விலக்கு. உங்கள் ஜோதிடர் பூசத்தில் முகூர்த்தம் வைத்திருக்க மாட்டார் என்று மேலே சொன்னது இதனால்தான். சீனப் பாட்டு ஒரு பக்கமிருந்தும், நம் சாஸ்திரமும் ஜப்பான் நாட்காட்டியும் இன்னொரு பக்கமிருந்தும் வந்து, கல்யாணம் என்ற ஒரே விஷயத்தில் கை குலுக்குகின்றன. மற்றபடி ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

சரி, தேதி. என் யோசனை, மாற்றிவிடுங்கள். அந்த வெள்ளி கெட்ட நாள் என்பதற்காக அல்ல. நம் கணக்குப்படி அதில் குறையில்லை. ஆனால் நாளைக்கு அந்த வீட்டில் சின்னதாக ஒரு சண்டை, ஒரு காய்ச்சல் என்றால்கூடப் பாட்டிக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் கண்ணில் நிற்கும். எட்டி மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பார். நாளையே மாற்றிக்கொள்ள முடிகிறபோது அந்த வம்பு எதற்கு? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதே நிலைமையில் பிடிவாதம் பிடித்து நாளை மாற்றாமல் நடத்தினார்கள். கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் தேநீர் கொடுக்கும் சடங்கில் பெண்ணின் பாட்டி மட்டும் கோப்பையை வாங்கவில்லை. புடவையோடு மண்டியிட்டிருந்த பெண்ணின் கையில் கோப்பை நடுங்கியதைப் பார்த்தவன் நான்.

எந்த நாளுக்கு மாற்றுவது? அவசரப்பட்டு மறுநாள் சனிக்கிழமை என்று சொல்லிவிடாதீர்கள். குவெய்க்கு அடுத்தது வில்லோ மரம், அதுவும் சீனக் கணக்கில் நல்லதல்ல. அதற்கடுத்த வெள்ளி, சனியும் தேறாது. குவெய் வெள்ளியிலிருந்து ஒன்பது நாள் தள்ளி வரும் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். அது நான்காவது நட்சத்திரம், பெயர் ‘அறை’. வானத்தில் அது நம் அனுஷம். அந்த நாளில் மணம் முடித்தால் நிலவுப் பெண் தன் அரண்மனைக்குத் திரும்பியதுபோல, மூன்றே வருடத்தில் மடியில் பிள்ளை என்று அதே பஞ்சாங்கம் பாடுகிறது. மூன்று வருடமா என்று நீங்கள் முகம் சுளித்தால் அது உங்களுக்கும் மருமகளுக்கும் இடையிலான விஷயம், நான் தலையிட மாட்டேன்.

நம் பக்கத்திலும் ஒன்பது என்பது வசதியான எண். ஒன்பது நாளில் நட்சத்திரமும் ஏறக்குறைய ஒன்பது நகர்ந்துவிடும், மகனுக்குப் பார்த்த தாராபலம் (பிறந்த நட்சத்திரத்திலிருந்து எண்ணிப் பார்க்கும் பொருத்தம்) பெரும்பாலும் அப்படியே நிற்கும். திதி மட்டும்தான் மாறும். முதலில் குறித்த நாள் வளர்பிறையின் ஆரம்பத்தில் இருந்தால் கவலையில்லை, பின்பாதியில் இருந்தால் தேய்பிறைக்குள் போய்விடும். அதை உங்கள் ஜோதிடரிடமே காட்டி இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள், லக்னமும் ராகு காலமும் அவர் சரிசெய்வார். அது ஒத்துவரவில்லை என்றால் நான்கு வாரம் கழித்து அதே ‘அறை’ ஞாயிறு மறுபடி வரும். அவர்களின் ஏழாம் மாதத்தில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவிகளுக்குப் படையல் போடும் அந்த மாதத்துக்கும் குவெய் என்றுதான் பெயர், அதில் எந்த நட்சத்திரம் வந்தாலும் பாட்டி ஒத்துக்கொள்ள மாட்டார்.

மகனின் நட்சத்திரத்தைச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் குவெய் என்று மொழிபெயர்த்துச் சொல்லாதீர்கள், பூசம் என்றே சொல்லுங்கள். தைப்பூசத்தின் பூசம் என்றால் ஈப்போ பாட்டிக்கு உடனே புரியும். அன்றைய முழுநிலா வெளிச்சத்தில் அந்தச் சதுரத்தின் நடுப்புகை கண்ணுக்கே தெரியாது. லி சுன்ஃபெங் கணக்குப்படி அது மங்கினால் அமைதி.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் விட்டுப்போயிருக்கிறது. சீன வீட்டில் நாள் பார்க்கும்போது 28 நட்சத்திரத்தைவிட, அன்றைய நாளின் விலங்கு மணமக்கள் பிறந்த வருடத்தின் விலங்கோடு மோதுகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். எலிக்குக் குதிரை ஆகாது, முயலுக்குச் சேவல் ஆகாது, இப்படி ஆறு ஜோடி. குவெய்யின் ஆட்டை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இது வேறு கணக்கு. பெண்ணும் உங்கள் மகனும் பிறந்த தேதிகளை எழுதுங்கள். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ பிறந்திருந்தால் விலங்கு முந்தைய வருடத்துடையதாக இருக்கலாம், அதனால் வருடம் மட்டும் போதாது, முழுத் தேதி வேண்டும். அந்த ஞாயிறு யாரோடும் மோதாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.